பொரிச்ச மீன், பரோட்டா, அல்ஃபாம்: சாப்பிட்ட பிறகு துணியிலும் முடியிலும் தங்கும் வாடை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்தில் பரோட்டாவும் பீஃப் வறுவலும், குளச்சல் பக்கம் பொரிச்ச நெய்மீனும், நாகர்கோவிலில் ராத்திரி அல்ஃபாமும் (கரித்தணலில் சுட்ட அரேபிய வகைக் கோழி) சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், கை கழுவி வாய் கொப்பளித்த பிறகும் அந்த வாடை விடாது. சட்டைக் காலரில் இருக்கும், சுடிதார் ஷாலில் இருக்கும், தலையணையில் தலை சாய்த்தால் முடியில் அதைவிடப் பலமாக இருக்கும். நிறைய பேர் உடனே சென்ட் அடிக்கிறார்கள், அல்லது சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டு மூடி வைக்கிறார்கள். இரண்டாலும் வாடைக்கு ஆயுள்தான் கூடும். துணியில் ஒட்டியிருப்பது எண்ணெய். மணம் அந்த எண்ணெய்க்குள் கரைந்து கிடக்கிறது. எண்ணெயை எடுத்தால் மணம் தானே போய்விடும்.

எண்ணெய் எப்படி மேசை வரை வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். மீன் பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். ஈரமான மீன் துண்டு அதில் விழுந்ததும் தண்ணீர் ஆவியாகி வெடித்துக் கிளம்பும். அந்த வெடிப்பு எண்ணெயைத் துளித்துளியாக மேலே வீசும். பெரிய துளிகள் அடுப்பைச் சுற்றியே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் புகையோடு சேர்ந்து ஹால் முழுக்க மிதந்து, கடைசியில் சுவரிலும் மின்விசிறி இறக்கையிலும் நம் சட்டையிலும் முடியிலும் போய்ப் படியும். சில ஹோட்டல்களில் ஃபேன் இறக்கையின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று படிந்திருக்குமே, அதே படலம்தான் நம் மேலும் மெல்லியதாகப் படிகிறது. சூட்டில் எண்ணெய் உடைந்து உண்டாகும் ஆல்டிஹைடுகள், இறைச்சி சிவக்கும்போது வரும் பைரசின்கள், மசாலாவின் ஆவியாகும் எண்ணெய்கள் எல்லாம் அந்தத் துளிக்குள் கரைந்திருக்கும். துளி இழையில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அவற்றை வெளியே விடும். அதனால்தான் இரண்டு நாள் கழித்தும் அந்தச் சட்டையில் கடையின் மணம் வருகிறது.

கொழுப்புக்கு மணத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. தோவாளைச் சந்தையில் குவியும் பிச்சிப் பூவைப் போன்ற மென்மையான பூக்களின் வாசனையைப் பிடிக்க, வாசனைத் திரவியம் செய்பவர்கள் கட்டிக் கொழுப்பின் மேல் பூவைப் பரப்பி வைத்து, பூ வாடியதும் புதுப் பூ மாற்றுவது பழைய முறை. தேங்காய் எண்ணெய் வழிய வழியத் தேய்த்த தலையோடு பொரிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அங்கே நடப்பதும் இதேதான்.

எல்லாச் சாப்பாடும் ஒரே அளவுக்கு ஒட்டுவதில்லை. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் சாப்பிட்டால் கையில் மணம் இருக்கும், துணியில் பெரிதாக இருக்காது. வேகவைத்த உணவில் எண்ணெய்த் துளி அவ்வளவாகப் பறப்பதில்லை. பொரிச்ச சாளை, அயிலை, நெத்திலி ஆகியவற்றில் எண்ணெய் வாடையோடு மீனுக்கே உரிய உளும்பு வாடையும் சேரும். அதற்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரப்பொருள், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் உள்ளது. கொத்து பரோட்டாக் கல்லில் வெங்காயம், முட்டை, சால்னா எல்லாம் சூட்டில் தெறித்து ஆவியாவதால் கல் பக்கத்தில் உட்கார்ந்தவர் மேல் நன்றாகவே படியும். எல்லாவற்றிலும் பிடிவாதமானது அல்ஃபாமும் தந்தூரியும். கோழியின் கொழுப்பு கரித்தணலில் சொட்டி எரியும்போது எழும் புகையில் ஃபீனால் வகைப் பொருட்கள் இருக்கும். அவை இழைக்குள் ஊறிவிடும், லேசில் ஆவியாகாது. சோறும் இறைச்சியும் சேர்ந்த குழிமந்தியைக் குழியில் மூடி வேகவைப்பதால் அந்த அளவுக்குப் பிரச்சினை இல்லை.

எண்ணெயின் தரமும் முக்கியம். சுத்திகரிக்காத செக்குத் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 175 டிகிரியிலேயே புகையத் தொடங்கும். அதில் மீன் பொரித்தால் புகை கட்டாயம் உண்டு. ஆனால் அது சீக்கிரம் சிக்குப் பிடிக்காத எண்ணெய், வாடையும் ஒப்பீட்டளவில் சீக்கிரம் போகும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயின் வாடைதான் மோசம். அது உடைந்து, கெட்டியாகி, துணியில் பசைபோல ஒட்டும். பொரிக்கும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சூட்டில் உடைந்து உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. சாப்பிடுகிறவருக்கு அதை அளக்கக் கருவி இல்லை. சட்டியில் எண்ணெய் கறுத்து, மேலே நுரை அடங்காமல் நின்று, மிதமான சூட்டிலேயே புகை கக்கினால் அது காலம் கடந்த எண்ணெய். வயிற்றுக்கும் நல்லதல்ல, துணிக்கும் நல்லதல்ல.

உட்காரும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம். நம் ஊர்க் கடைகளில் பரோட்டாக் கல் பெரும்பாலும் முகப்பிலேயே, ரோட்டைப் பார்த்து இருக்கும். காற்று ரோட்டிலிருந்து உள்ளே வீசினால் கல்லின் புகை நேராக முதல் இரண்டு வரிசை மேசைகளுக்கு வரும். அப்போது பக்கவாட்டு ஜன்னல் ஓரமோ, வேறு வாசல் இருந்தால் அதன் பக்கமோ நல்லது. சங்குத்துறை, முட்டம் போன்ற கடற்கரைகளில் சாயங்காலம் கடலிலிருந்து காற்று வரும்; அடுப்புக்குக் கடல் பக்கமாக உட்கார்ந்தால் புகை எதிர்த்திசையில் போய்விடும். இரவு நேரமாகிக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் திரும்பினால் இடத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே அடுப்புக்குக் காற்று வரும் பக்கம் உட்கார்ந்தவர் மேல் கிட்டத்தட்ட ஒன்றும் படியாது, எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர் புகையில் குளித்ததுபோல ஆகிவிடுவார்.

ஏ.சி. ஹால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை; உள்ளிருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றி அனுப்புகிறது. சமையலறைக் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் புகை உள்ளே வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வாசல் கதவை லேசாகத் திறக்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் சமையலறை எக்ஸாஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறது. உள்ளிருந்து காற்று மசாலா மணத்தோடு முகத்தில் அடித்தால், அந்த ஹாலில் அரைமணி நேரம் போதும், முழுக்க ஏறிவிடும். உள்ளே இருக்கும்வரை நமக்கு அது தெரியவே தெரியாது. சில நிமிடங்களில் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். வெளியே வந்து உடம்புச் சூட்டிலும் வெயிலிலும் துணி சூடாகும்போதுதான் வாடை கிளம்பும். எனவே சாப்பிட்டு முடித்த கையோடு முகர்ந்து பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று முடிவு செய்ய வேண்டாம். கால்மணி நேரம் வெளிக்காற்றில் நின்றுவிட்டுப் பாருங்கள், அல்லது கூட வராத ஒருவரிடம் கேளுங்கள்.

துணி வகையில் பாலியஸ்டருக்குத்தான் வாடை பிடிவாதமாக ஒட்டும். அந்த இழைக்கு எண்ணெய் சொந்தம், தண்ணீர் அந்நியம். துவைக்கும்போது தண்ணீர் உள்ளே போய் எண்ணெயைப் பிரித்தெடுப்பது கடினம். ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட், ஜார்ஜெட் ஷால், பள்ளி யூனிஃபார்மின் டெரிகாட்டன் எல்லாம் இந்தக் கூட்டம். பருத்தி வேட்டியும் பருத்திச் சட்டையும் வாடையை வாங்கத்தான் செய்யும், ஆனால் ஒரே துவைப்பில் விட்டுவிடும். ஜீன்ஸ் கனமான பருத்தி. வாடை சுலபமாகப் போகும், ஆனால் காய நேரமாகும், மழைக்காலத்தில் அதுவே தனித் தொல்லை. அல்ஃபாம் சாப்பிடப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் பருத்தி போட்டுப் போவது புத்திசாலித்தனம். முடி நீளமாக இருந்தால் பின்னியோ கொண்டை போட்டோ போகலாம். விரித்துவிட்ட முடியில் புகை படும் பரப்பு பல மடங்கு அதிகம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு போவது கூடவே கூடாது. எண்ணெய் தேய்ப்பது என்றால் திரும்பி வந்து, தலை குளித்த பிறகு தேய்க்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சட்டை வாடை என்று நினைப்பது பல நேரம் கைக்குட்டை வாடையாக இருக்கும். அரைகுறையாகக் கழுவிய கையைத் துடைத்து, மடித்துப் பாக்கெட்டில் வைத்த கைக்குட்டையிலிருந்து பாக்கெட் துணிக்கு எண்ணெய் இறங்கும். ஷால் நுனியில் வாய் துடைக்கும் பழக்கத்திலும் அதேதான். வீட்டுக்கு வந்ததும் முதலில் வெளியே எடுக்க வேண்டியது கைக்குட்டையை.

வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரத்தில் செய்வதுதான் மிச்சக் கதையைத் தீர்மானிக்கும். துணியைக் கழற்றி, ஹேங்கரில் போட்டு, பித்தான்களைத் திறந்துவிட்டு, வராண்டாவிலோ மாடியிலோ காற்று ஊடுருவும் இடத்தில் தொங்கவிடுங்கள். சுவரில் ஒட்டித் தொங்கவிட்டால் ஒரு பக்கம் காற்றே படாது. துணிக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். அலமாரிக்குள் போட வேண்டாம், மற்றத் துணிகளுக்கும் பரவும். அழுக்குக் கூடையில் ஈரத் துவர்த்தோடு (துண்டு) சேர்த்துப் போடவே வேண்டாம். எண்ணெய், ஈரம், வியர்வை மூன்றும் மூடிய இடத்தில் ஒன்றுசேர்ந்தால் மறுநாள் காலை வேறு ஒரு புளிச்ச வாடை புதிதாகப் பிறந்திருக்கும். லேசான வாடை என்றால் இரவு முழுவதும் காற்றில் தொங்கினாலே போதும், துவைக்கத் தேவைப்படாது.

துவைக்க வேண்டியிருந்தால் என்ன வாடை என்று பார்த்துத்தான் மருந்து. ஆப்பசோடா எல்லா வாடைக்கும் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மீன் வாடைக்கு அது எதிர்வேலை செய்யும். மீன் வாடை காரப்பொருள், ஆப்பசோடாவும் காரம், துணிச்சோப்பும் காரம். துணியில் சோப்புக் கட்டியைத் தேய்த்ததும் மீன் மணம் கூடினதுபோல ஒரு வீச்சு வருவதற்குக் காரணம் இதுவே. மீனுக்கு முதலில் அமிலம் தர வேண்டும்: 10 லிட்டர் வாளித் தண்ணீரில் வெள்ளை வினிகர் 100 மில்லி, அல்லது இரண்டு எலுமிச்சம்பழச் சாறு வடிகட்டியது. துணியை 20 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகு சோப்பு. அமிலம் பட்டதும் அமீன் மணமில்லாத உப்பாக மாறித் தண்ணீரோடு போய்விடும். வினிகர் இருக்கும் தண்ணீரில் எந்தக் காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடரையோ குளோரின் பிளீச்சையோ சேர்க்கக் கூடாது. விஷவாயுவான குளோரின் கிளம்பும். வினிகரையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கலப்பதிலும் பயன் இல்லை; நுரை வரும், ஒன்றையொன்று தீர்த்துவிடும், கடைசியில் வாளியில் மிஞ்சுவது உப்புத் தண்ணீர்.

எண்ணெய்ப் பலகாரம், பழம்பொரி, சிப்ஸ் கடை, பரோட்டாக் கல் வாடைக்குத் தேவையானது கொழுப்பைக் கரைக்கும் சோப்பு. பாத்திரம் கழுவும் லிக்விட் அரை டீஸ்பூனை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கலந்து, காலர், கைவிளிம்பு, நெஞ்சுப்பகுதி, ஷாலின் முன்பக்கம் ஆகிய இடங்களில் விரலால் தடவி 15 நிமிடம் விடுங்கள். துணி அந்த நேரத்தில் காய்ந்திருக்க வேண்டும். முதலிலேயே நனைத்துவிட்டால் லிக்விட் எண்ணெயைத் தொடுவதற்குள் நீர்த்துவிடும். பிறகு என்சைம் கலந்த சோப்புத்தூளில் 40 டிகிரித் தண்ணீரில் ஊறவிடலாம். தெர்மாமீட்டர் வேண்டாம்: 2 லிட்டர் கொதிநீரோடு 8 லிட்டர் குழாய்த் தண்ணீர் கலந்தால் நம் ஊர்ச் சூட்டுக்கு ஏறக்குறைய 40 டிகிரி வரும். அரைமணி நேரம் ஊறினால் போதும். இதைவிடச் சூடாக்கினால் நல்லது என்று கொதிநீரை நேராக ஊற்றினால் கொழுப்பைத் தின்னும் என்சைம் செத்துப்போகும், பாலியஸ்டர் சுருங்கி மடிப்பு விழும். வெள்ளைப் பருத்தி வேட்டிக்கு மட்டும் 60 டிகிரி வரை போகலாம், அதற்கு 4.5 லிட்டர் கொதிநீரும் 5.5 லிட்டர் குழாய்த் தண்ணீரும். துணியில் கறி சிந்தி மஞ்சள் கறை இருந்தால் சோப்பு பட்டதும் அது சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் மங்கிவிடும்.

கரிப்புகைக்கு அமிலம் அதிகம் உதவாது. பருத்தியாக இருந்தால் சலவை சோடா ஒரு மேசைக்கரண்டியை 10 லிட்டர் வெந்நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு சோப்புத்தூளில் துவைக்கலாம். கை எரியும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவை சோடா ஆகாது, இழையை அரித்துவிடும். பாலியஸ்டரில் ஏறிய கரிப்புகை ஒரே துவைப்பில் போகாவிட்டால் மனம் தளராமல் ஒருநாள் காற்றில் போட்டு மறுபடி துவைக்கலாம். இடையில் ஃபேப்ரிக் கண்டிஷனர் மட்டும் ஊற்ற வேண்டாம். அது இழைமேல் மெழுகுபோல ஒரு பூச்சு போட்டு, உள்ளே இருக்கும் எண்ணெயை மூடிவைத்துவிடும். முதல் நாள் மல்லிகை மணக்கும், வியர்த்ததும் பழைய புகை எட்டிப்பார்க்கும்.

வாஷிங் மெஷினில் போடுகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இரண்டு. ட்ரம்மை அமுக்கி நிரப்புவது. துணி புரள இடமில்லாமல் எண்ணெய் ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுமே தவிர வெளியேறாது. 15 நிமிட அவசர வாஷில் போடுவது. சோப்பு வேலை செய்யவே அந்த நேரம் போதாது. கடலோர ஊர்களில் கிணறும் போரும் உவர்ப்பாக இருந்தால் சோப்பு நுரைக்காது, கட்டிச் சோப்பு திரிந்து துணியிலேயே வெள்ளைப் படலமாக ஒட்டும். அந்தப் படலம் வாடையையும் பிடித்துவைக்கும். அங்கே கட்டிச் சோப்பை விட்டு டிடர்ஜென்டுக்கு மாறி, கடைசி அலசலுக்காவது பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ பயன்படுத்துவது பலன் தரும்.

துவைத்த துணி ஈரமாக இருக்கும்போது முகர்ந்து பாருங்கள். வாடை மிச்சம் இருந்தால் மறுபடி ஊறப்போடுங்கள், இஸ்திரி போடாதீர்கள். இஸ்திரிச் சூடு மிச்ச எண்ணெயை இழையோடு இறுகவைத்துவிடும். ஒருதடவைதானே போட்டோம் என்று துவைக்காத சட்டையைத் தேய்ப்புக் கடைக்குக் கொடுப்பதிலும் இந்த ஆபத்து உண்டு. சூடான பெட்டி பட்டதும் குப்பென்று மணம் எழும், போய்விட்டது என்று தோன்றும். காலருக்குள் இறுகியது அப்படியே இருக்கும்.

இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் முடியும். அந்தப் பத்து நாளும் வடகிழக்குப் பருவமழைக் காலம். திருவிழாக் கடைகளில் பஜ்ஜியும் பொரியலும் சாப்பிட்டு, தூறலில் நனைந்து வந்த துணி இரண்டு நாளாகியும் காயாமல் கிடந்தால், எண்ணெய் வாடை போய்ப் பூசண வாடை வரும். இது உணவு வாடை அல்ல. மெதுவாகக் காயும் ஈரத்துணியில் மொராக்செல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகி வெளியிடும் கொழுப்பமிலத்தின் வாடை. நன்றாகப் பிழிந்து, துணிக்குத் துணி நாலு விரல் இடைவெளி விட்டு, ஃபேன் காற்று குறுக்காகப் போகும்படி கொடியில் போட்டு, எவ்வளவு சீக்கிரம் காயவைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. ஜீன்ஸை உள்புறம் வெளியே திருப்பி, பாக்கெட்டுகளை வெளியே இழுத்துவிட்டுக் காயப்போடுங்கள். ஏற்கெனவே பூசண வாடை வந்துவிட்ட வெள்ளைப் பருத்தியை மேலே சொன்ன 60 டிகிரித் தண்ணீரில் ஊறவிட்டுத் திரும்பத் துவைக்க வேண்டும், வெறுமனே மறுபடி காயவைத்தால் போகாது.

பட்டுப் புடவைக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. மண்டபத்தில் பந்தி ஹாலும் சமையல்கட்டும் ஒட்டியிருந்தால் வாடை ஏறுவதைத் தடுக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் மடிக்காமல், கொசுவத்தைப் பிரித்து, துருப்பிடிக்காத கம்பியிலோ மரக் கம்பிலோ நிழலில் விரித்துப் போட்டு, ஃபேன் காற்றில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். இடையில் ஒருதடவை திருப்பிப் போடுங்கள். வெயில் வேண்டாம், நிறம் வெளுக்கும். எண்ணெய்த் துளி விழுந்த இடத்தில் டால்கம் பவுடரை மெதுவாகத் தூவி அரைமணி நேரம் கழித்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்கவும். தண்ணீரைத் தொட்டுத் தேய்த்தால் வட்டமாக நீர்க்கறை நிற்கும். சரிகை மேல் சென்ட் அடித்தால் கறுத்துப்போகும். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும்போது எண்ணெய்ப்புகை ஏறியது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், துளி விழுந்த இடத்தையும் காட்டுங்கள். திரும்பி வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி ஒருநாள் காற்றில் விட்டபிறகு பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

இனி முடி. ராத்திரி பதினொரு மணிக்கு வந்து தலை குளிக்க முடியாது, ஈரத்தலையோடு படுக்கவும் கூடாது என்ற நிலைதான் அதிகம். அப்போது முடியை முழுக்க அவிழ்த்து, காற்று வரும் இடத்தில் நின்று, தலையைக் குனிந்து முடியை முன்னே போட்டு விரலால் உதறுங்கள். பத்து நிமிடம். பிறகு பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்து, முடியை நாலைந்து பகுதியாகப் பிரியுங்கள். மெல்லிய துவர்த்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒட்டப் பிழிந்து, ஒவ்வொரு பகுதியையும் துவர்த்துக்குள் வைத்து அழுத்திப் பிடித்து வேரிலிருந்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துவர்த்தின் சுத்தமான இடத்துக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுவோம். நெற்றி ஓரமும் பிடரியும் முக்கியம். அங்கே முடியின் இயல்பான எண்ணெய்ப்பசை அதிகம், புகையும் முகத்துக்கு நேரே வந்து படுகிறது. கடைசியில் ஃபேன் காற்றிலோ, டிரையரின் சூடில்லாக் காற்றிலோ ஐந்து நிமிடம் உலர்த்துங்கள். தலையணை உறைமேல் பழைய பருத்தித் துண்டு ஒன்றை விரித்துப் படுத்தால் மிச்சம் உறையில் இறங்காது.

காலையில் தலை குளிக்கும்போது ஷாம்புவை இரண்டு முறை போட வேண்டும். ஒரு முறையில் ஒரு சாஷே அளவு, அதாவது ஏறக்குறைய 5 மில்லி, தோள் வரையுள்ள முடிக்குப் போதும். முதல் முறை நுரை சரியாக வராது. அப்போது சோப்பு எண்ணெயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அலசிவிட்டு இரண்டாவது முறை போட்டால் நுரை எழும், அதை இரண்டு நிமிடம் வைத்து அலசுங்கள். கண்டிஷனர் நுனிப்பகுதிக்கு மட்டும். மீன் வாடை மிச்சம் இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். கழுவாமல் வெயிலில் போனால் தோல் எரியும். சீயக்காய் போடுகிறவர்கள் வடித்த சூடான கஞ்சித் தண்ணீரில் குழைத்துப் போட்டால் எண்ணெய் நன்றாக இறங்கும், ஆனால் தூளை முழுக்க அலச வேண்டும். செம்பருத்தி இலையை அரைத்தெடுக்கும் தாளி முடிக்கு இதம்தான், அல்ஃபாம் புகையை எடுக்கும் அளவுக்கு அதற்குப் பலம் கிடையாது.

சாம்பிராணிப் புகை போட்டு வாடையைப் போக்குவதாகச் சிலர் சொல்வார்கள். அந்தப் பிசினின் புகை எண்ணெய்ப் படலத்தின் மேல் இன்னொரு படலமாக உட்காரும். இரண்டும் கலந்த மணம் மறுநாள் தலைவலி தரும். குளித்து எண்ணெய் போன பிறகு, ஈரம் உலர்த்தச் சாம்பிராணி போடுவது நல்ல வழக்கம், அந்த வரிசையை மாற்ற வேண்டாம். சென்டுக்கும் இதே பதில்தான்.

கடைசியாக ஹெல்மெட். பைக்கில் போய்ச் சாப்பிட்டு வருகிறவர்கள் முடியையும் துணியையும் கழுவிவிட்டு, மறுநாள் ஹெல்மெட்டை மாட்டியதும் அதே வாடை திரும்ப வந்துவிட்டது என்று குழம்புகிறார்கள். எண்ணெய் படிந்த முடியை உள் ஸ்பாஞ்ச் வழி நெடுக அழுத்தி உறிஞ்சியிருக்கும். பெரும்பாலான ஹெல்மெட்களில் கன்னப் பேடும் உச்சிப் பேடும் பித்தான் கழற்றி எடுக்கும்படி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு கலந்து அதில் பேடுகளை மெதுவாக அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். முறுக்கிப் பிழிந்தால் ஸ்பாஞ்ச் கிழியும். துண்டுக்குள் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள், மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட ஆகும். கழற்ற முடியாத பேடாக இருந்தால் ஈரத் துணியால் துடைத்து, உள்பக்கம் ஃபேனைப் பார்க்கும்படி இரவு முழுவதும் கவிழ்க்காமல் வையுங்கள். ஓட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோலில் தின்னர், பெட்ரோல் எதையும் தொட்டுத் துடைக்கக் கூடாது; அது கரைந்து, விழுந்தால் தலையைக் காக்கும் பலம் போய்விடும். அடுத்த தடவை கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டை மேசைக்குப் பக்கத்தில் வாய் திறந்தபடி வைக்காமல், வண்டியிலேயே பூட்டிவிட்டு, தலைக்கு ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு திரும்புங்கள். பேடைக் கழற்றுவதைவிட அந்தத் துணியைத் துவைப்பது எளிது.